எலி வாசித்த பேஸ் கிட்டார்

மார்ச் 3, ஞாயிறு

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டு உண்டு. என்றைக்கு எண்ணெய் போட்டோம், எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கினோம், என்ன சத்தம் வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். இருபது வருடமாக அங்கே ஃபிட்டராக இருந்து எத்தனையோ நோட்டு எழுதிவிட்டேன். என் சொந்த பேஸ் கிட்டாருக்கு ஒன்றுகூட எழுதியதில்லை என்பது இன்று காலை பல் தேய்க்கும்போது உறைத்தது. உடனே போய் இந்த டைரியை வாங்கி வந்தேன். இதில் கிட்டாரையும், அதன் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியான ஆம்பையும் பற்றி மட்டும்தான் எழுதுவேன். குடும்ப விஷயங்கள் வராது.

முதலில் என் விவரம். சிங்காரவேலு, வெண்புறா மெல்லிசைக் குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட், பதினோரு வருட அனுபவம். பேஸ் என்பது நான்கே தடித்த கம்பிகள். பாட்டின் அடியில் ஓடுகிற கனமான சத்தம் அதுதான். நல்ல பேஸ் தனியாகக் காதில் விழாது. எங்கள் குழுவின் தலைவன் அருளானந்தம், கீபோர்டு வாசிப்பவன், இதை என்னிடம் அடிக்கடி சொல்வான்: "அண்ணே, நீங்க வாசிக்கிறதே தெரியலண்ணே." பெரிய பாராட்டு.

இன்றைய வேலை: கழுத்து வளைவு பார்த்தேன். கம்பியை இரண்டு முனையிலும் அழுத்திக்கொண்டு நடுவில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டால் இடைவெளி தெரியும். கொஞ்சம் அதிகமாக இருந்தது. கழுத்துக்குள் ஓடுகிற இரும்புத் தண்டை ஆலன் கீயால் கால் சுற்று முறுக்கினேன். இப்போது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. அற்புதம்.

வாசித்துப் பார்க்க நேரமில்லை.

மார்ச் 10, ஞாயிறு

கம்பிகளை வேகவைத்தேன்.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். பேஸ் கம்பி பழசானால் சுற்றுகளுக்குள் அழுக்கு இறங்கிச் சத்தம் மழுங்கிவிடும். கழற்றிக் கொதிநீரில் போட்டெடுத்துத் துடைத்தால் மறுபடி கணீரென்று வரும். வீட்டில் சரியான அளவில் இருந்தது பால் காய்ச்சும் பாத்திரம் ஒன்றுதான். மனைவி மரகதம் ரவிக்கைக்கு லைனிங் துணி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். தையல் வேலை செய்கிறாள், ஏரியாவில் நல்ல பெயர். திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"கம்பி."

"நாலு பாம்பு வேகுற மாதிரி இருக்கு. நாளைக்கு இதுலயா பால் காய்ச்சணும்?"

"வெளக்கிட்டா போச்சு, மரகதம். எஃகுதானே."

அவள் மூடியை டங்கென்று போட்டுவிட்டுப் போனாள். விளக்கம் திருப்தியாக இருந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

பின்குறிப்பு (மார்ச் 11): இன்று காலை காபி கிடைக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

லால்குடியில் வளைகாப்புக் கச்சேரி. காலையில் சுருதி சேர்க்க கிட்டாரை எடுத்தால், நான்கு கம்பியும் துல்லியமாக நிற்கிறது! போட்டு ஒரு வாரம் ஆகிறது, புதிதாகக் கட்டிய கம்பி இறங்கத்தான் செய்யும். இது ஒரு இழைகூட இறங்கவில்லை. முறுக்காணிகளுக்கு நான் போட்ட ஒரு சொட்டு எண்ணெயின் வேலை.

கச்சேரியில் பல பாட்டுக்கு அருளானந்தம், "இதுக்கு பேஸ் வேணாம்ணே, நீங்க சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க" என்றான். அவனே இடது கையால் கீபோர்டில் அடிப்பகுதியை வாசித்துக்கொண்டான். பாவம், என்னைக் களைப்படைய விடக்கூடாது என்ற எண்ணம். டிரம்ஸ் மொய்தீன் பாய் மட்டும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க எந்தப் பாட்டுல இருக்கீங்க வேலு?" என்று கேட்டார். டிரம்ஸ் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்குக் காது போய்விட்டது.

தோளில் மாட்டும் பட்டை இரண்டு ஓட்டை குறைந்திருந்தது. வெயிலுக்குத் தோல் சுருங்கும். சரிசெய்தேன்.

மார்ச் 22, வெள்ளி

ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பும்போது கீழ்வீட்டு வைத்திலிங்கம் சார் வாசலில் மறித்தார். வீட்டுக்காரர், தபால் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கிட்டாரும் ஆம்பும் இருப்பது என் பெண் நித்திலாவின் அறையில். அவள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கப் போனதிலிருந்து அது காலி.

"வேலு, ஒண்ணு சொன்னா கோச்சுக்காத."

"சொல்லுங்க சார்."

"காலையில பதினொரு மணிக்கு வாசிக்கிறியே, ரொம்ப நல்லா இருக்குப்பா. தரை வழியா நாற்காலிக்கு வந்து அப்படியே முதுக நீவி விடுது. எனக்கு முதுகு வலியே குறைஞ்சிருக்கு. ஆனா சாயங்காலம் வாசிக்கிற பாரு, அத மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கயேன்."

காலை பதினொரு மணிக்கு நான் டீசல் என்ஜினுக்கு அடியில் படுத்திருப்பேன். அதை அவரிடம் சொல்லிப் புண்படுத்தவில்லை. வயதானால் காலையும் மாலையும் குழம்பும்.

மார்ச் 26, செவ்வாய்

கம்பிகளில் தேங்காய் எண்ணெய் வாசனை. ஆம்பின் மேல் சிவப்பு நூல் துண்டுகள். வால்யூம் குமிழை ஆறில் வைத்திருந்தேன், இரண்டில் இருக்கிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒரே விடைதான்: எலி. கூடு கட்ட தையல் மெஷினிலிருந்து நூல் எடுத்து வருகிறது. சமையலறை வழியாக வருவதால் எண்ணெய். குமிழின் மேல் ஏறி இறங்குவதால் அது திரும்புகிறது. ஆம்பின் பின்பக்கம் திறந்திருக்கிறது, உள்ளே போய் ஸ்பீக்கர் காகிதத்தைக் கடித்தால் என்ன ஆவது?

மரகதத்திடம் சொன்னேன்.

"எலியா?" என்றாள்.

"பெரிய எலி."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கத் திரும்பிக்கொண்டாள். எலி என்றால் நாற்காலி மேல் ஏறுகிறவள். இன்று அசரவே இல்லை. வயது ஆக ஆகத் துணிச்சல் வருகிறது.

அவள் இடது கை விரல்நுனி எல்லாம் கொப்புளம். தோசைக்கல் சுட்டுவிட்டதாம். நான்கு விரலும் ஒரே வரிசையில் சுட்டிருக்கிறது. தீக்காயக் களிம்பு தடவிவிட்டேன். (குடும்ப விஷயம். இனி வராது.)

ஏப்ரல் 4, வியாழன்

செவ்வாய்க்கிழமை எலிப்பொறி வாங்கினேன். ஸ்பிரிங் பட்டை வைத்தது, கனமான ரகம். மசால் வடைத் துண்டு வைத்து ஆம்புக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு நாளாக எலி வரவில்லை. ஆனால் வடையைக் காணோம், பொறி பத்திரமாக மூடி அலமாரி மேல் இருக்கிறது. இது சாதாரண எலி இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

பெரிய செய்தி. ஏரியா காளியம்மன் கோவில் திருவிழாவில் மே மூன்றாம் தேதி எங்கள் கச்சேரி. பாடப்போவது சென்னையிலிருந்து பாடகி சாம்பவி! நம் ஊரில் அவர் பாட்டு வைக்காத டீக்கடை கிடையாது. இது நன்றாக அமைந்தால் கரூர், புதுக்கோட்டை எல்லாம் எங்களைக் கூப்பிடுவார்கள். சொதப்பினால் அருளானந்தம் குழுவைக் கலைத்துவிட்டு மாமனாரின் பெயின்ட் கடையில் உட்காரப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.

மாலையில் அருளானந்தமும் மொய்தீன் பாயும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பை ஆப்பிள். யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லையே என்று நினைத்தேன்.

"அண்ணே, சாம்பவி மேடம் ஒரு கண்டிஷன் போட்டுட்டாங்க" என்றான் அருளானந்தம். "கீபோர்டுல பேஸ் அடிச்சா பாட மாட்டாங்களாம். நெசமான பேஸ் கிட்டார் வேணுமாம். காதுக்கு நல்லா கேக்கணுமாம்."

"ரொம்ப நல்லது!" என்றேன்.

அருளானந்தம் மொய்தீன் பாயைப் பார்த்தான். மொய்தீன் பாய் ஆப்பிளைப் பார்த்தார்.

"நல்லாக் கேக்கும்ணே" என்றான் அருளானந்தம், மெதுவாக. "எல்லாருக்கும். தெருக்கோடி வரைக்கும்."

"இன்னிலேர்ந்தே செட்டிங்ஸ் ஆரம்பிச்சிடறேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தான். தண்ணீர் கேட்டான். குடித்தான். போய்விட்டார்கள். பொறுப்பின் பாரத்தில் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

வலது கையால் எழுதுகிறேன். எப்போதும் வலது கைதான். இன்று அது ஒன்றுதான் இருக்கிறது என்பதால் குறிப்பிடுகிறேன்.

ஆம்பின் பின்னால் ஸ்பீக்கர் ஒயரைச் சாலிடர் வைக்கலாமென்று இடது கையை விட்டேன். பொறியை நேற்று மறுபடி வைத்தது மறந்துவிட்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் ஒரே அடியில். நான் போட்ட சத்தத்தில் வைத்திலிங்கம் சார் மாடிப்படி பாதி வரை வந்துவிட்டார்.

எலும்பில் கீறலாம். இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மாதம் அசைக்கக் கூடாது.

ஆம்புக்குச் சேதமில்லை.

ஏப்ரல் 10, புதன்

செய்தி கேட்டு அருளானந்தம் பறந்து வந்தான். கட்டைப் பார்த்ததும் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். உதடு அசைந்தது. "ஆண்டவரே, தோத்திரம்" என்ற மாதிரி கேட்டது. துக்கத்தில் என்ன சொல்கிறோமென்று தெரியாது.

"வருத்தப்படாதீங்கண்ணே" என்றான். முகம் பளிச்சென்று இருந்தது. "தஞ்சாவூர்ல டைட்டஸ்னு ஒரு பையன் இருக்கான். அவன இந்த ஒரு கச்சேரிக்கு மட்டும் கூப்பிட்டுக்கறேன். உங்க கிட்டாரும் ஆம்பும் மட்டும் குடுங்க, போதும்."

சரி என்றேன். அவன் போன பிறகு கிட்டாரைத் துடைத்து உறையில் போட்டேன். பிறகு உறையிலிருந்து எடுத்து மறுபடி துடைத்தேன்.

ஏப்ரல் 15, திங்கள்

டிஸ்பென்சரியில் கட்டு மாற்றப் போனேன். மதியம் ஆகும் என்று மரகதத்திடம் சொல்லியிருந்தேன். கம்பவுண்டர் லீவு. நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தெருமுனை திரும்பும்போதே கேட்டது. முதலில் யார் வீட்டு ரேடியோவோ என்று நினைத்தேன். பாட்டுக்கு அடியில் கனமாக, நிதானமாக, தாளத்தில் ஒரு மயிரிழை முன்னே பின்னே போகாமல் ஒரு சத்தம் நடந்துகொண்டிருந்தது. வாசிக்கிறவனுக்கு அவசரமே இல்லை. ஒரு இடத்தில் இறங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். இறங்காமல் நின்று, என்னைக் காக்க வைத்து, அப்புறம் இறங்கியது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

வாசலில் வைத்திலிங்கம் சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டுக் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ இங்க நிக்கிற."

"ஆமா சார்."

"அப்ப மேல யாரு?"

நான் படியேறினேன். அவரும் முதுகுவலியை மறந்து பின்னாலேயே வந்தார்.

நித்திலாவின் அறையில் மரகதம் தையல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் கிட்டார். செல்போனில் பாட்டு. பாதம், மெஷின் பெடலை மிதிக்கிற மாதிரியே, வெறும் தரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது.

வைத்திலிங்கம் சார்தான் முதலில் பேசினார். "அம்மா, நிறுத்தாதீங்க."

அவள் கண் திறந்தாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஃபீலர் கேஜுக்கு எண்ணெய் போட்டேன்.

ஏப்ரல் 17, புதன்

இன்று சாப்பாட்டுக்குப் பிறகுதான் மரகதத்திடம் கேட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"நீங்க பால் பாத்திரத்துல கம்பிய வேகவெச்சீங்கள்ல, அதுக்கு மறுநாள்லேர்ந்து."

"ஏன்?"

"கோவம்தான். நீங்க வேலைக்குப் போனதும், இத மாடியிலேர்ந்து தூக்கிப் போட்டுட்டு எலி தள்ளிருச்சுன்னு சொல்லலாம்னு கையில எடுத்தேன். எடுக்கையில அந்தத் தடிக் கம்பியில கை பட்டு ஊம்னுச்சு. வயித்துக்குள்ள வந்து ஒக்காந்துச்சு. கீழ வெச்சிட்டேன். அப்புறம் இன்னொரு தடவ தட்டிப் பாத்தேன்."

"எலி யோசனை அப்பவே உனக்கு இருந்துச்சா?"

"நீங்களா எலின்னு சொன்னதும் எனக்கே திக்குன்னு ஆயிருச்சு."

"யார்கிட்ட கத்துக்கிட்டே?"

தட்டில் இருந்த கறிவேப்பிலையை ஒதுக்கினாள். "பாட்ட போட்டுட்டு அடியில ஓடுறத மட்டும் கேப்பேன். நித்திலா போனப்புறம் வீட்ல பகல் பூரா யாரு இருக்கா? அப்புறம்... சாயங்காலம் நீங்க வாசிப்பீங்கள்ல. அதுலயும் கத்துக்கிட்டேன்."

"என் வாசிப்பக் கேட்டா?"

"எங்கெங்க போகக் கூடாதுன்னு தெரிஞ்சுது."

எழுந்து கை கழுவப் போனேன். வெகுநேரம் கழுவினேன், ஒரு கைதான் என்றாலும்.

"என்னங்க" என்றாள் பின்னாலிருந்து. "கிட்டார மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்க தொட்டாலும் அமுக்காமலே சத்தம் வருது. வெண்ணெய் மாதிரி வெச்சிருக்கீங்க."

வடை விஷயமும் தெரிந்துகொண்டேன். அவள்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 19, வெள்ளி

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. டைட்டஸ் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கச்சேரி அவன் பாடு. என் விரல் ஆறியதும் என் இடம் எனக்கு. மரகதம் வீட்டில் பொழுதுபோக்காக வாசிக்கட்டும், அதை நான் தடுக்கவில்லை. தடுக்கிற ஆள் நான் இல்லை.

அவளிடம் மேடை பற்றி எதுவும் கேட்கவும் இல்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. மே மூன்றாம் தேதி என்ன கிழமை என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டிய நாள்.

டைட்டஸ் காலையில் வந்தான். அருளானந்தமும் மொய்தீன் பாயும் கூடவே வந்தார்கள். பையன் கெட்டிக்காரன்தான். கிட்டாரை எடுத்ததும் விரல் பறந்தது. ஆனால் பஜ்ஜி சாப்பிட்ட கையோடு எடுத்தான். எண்ணெய்க் கையோடு! நான் துணியை நீட்டினேன், வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டான்.

இரண்டு நிமிஷம் வாசித்துவிட்டு, "கம்பி ரொம்பத் தாழ்வா இருக்கு, எனக்கு ஒத்து வராது" என்றான். பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தான்.

"தம்பி, அதுக்கு ஆலன் கீ இருக்கு. நான் ஏத்தித் தர்றேன்" என்றேன்.

"இது போதும்" என்று பிளேயரின் வாயை, கம்பிகள் உட்காரும் பாலத்தின் திருகில் வைத்துக் கடித்தான். வழுக்கியது. கிட்டாரின் உடம்பில் ஒரு கோடு விழுந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிளேயரோடு கழுத்து முனைக்குப் போனான். அங்கே அந்த இரும்புத் தண்டின் தலை இருக்கிறது. அது மழுங்கினால் கழுத்தையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

எனக்கு இருந்தது ஒரு கை. அந்தக் கையால் கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டேன்.

"எழுந்திரு தம்பி."

"என்னண்ணே இது? இந்தப் பழைய கட்டைய வாசிக்கிறதுக்கு நான் தஞ்சாவூர்லேர்ந்து வரணுமா?"

"வர வேணாம். வெளிய எடப்பக்கம் போனா, பஸ் ஸ்டாண்டுக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் வரும்."

போய்விட்டான். படியில் இறங்கும் சத்தம் அடங்கியதும் அருளானந்தம் தரையில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "முடிஞ்சுதுண்ணே. மாமனார் கடையில எனாமல் பெயின்ட்டப் பத்திப் படிக்க ஆரம்பிக்கணும். பேஸ் இல்லாம அந்தம்மா மேடையில ஏறாது."

மொய்தீன் பாய் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அருளானந்தம் பேசியபோது நின்றது. அப்புறம் ஓடவில்லை.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளாக வந்து கேட்டிருக்க மாட்டாள். அருளானந்தம் வேறு ஆள் தேடியிருப்பான், கிடைத்திருப்பான், என் விரல் ஆறியிருக்கும், நானும் என் இடத்தில் போய் நின்றிருப்பேன். பட்டையின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் யோசித்தேன். யோசித்துக்கொண்டே பட்டையை இரண்டு ஓட்டை குறைத்தேன்.

"மரகதம், இங்க வா."

"பட்டன் வெச்சிட்டிருக்கேங்க."

"அப்புறம் வெக்கலாம். வா."

வந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. கிட்டாரை மாட்டிவிட்டேன். இரண்டு பேரும் எங்களையே பார்த்தார்கள்.

"அண்ணி எதுக்குண்ணே?" என்றான் அருளானந்தம்.

"பாடு."

"என்னத்த?"

"அந்தம்மாவோட மொதப் பாட்டு."

அவன் சுரத்தே இல்லாமல் ஆரம்பித்தான். மொய்தீன் பாய் ஜன்னல் கட்டையில் விரலால் தாளம் போட்டார். மரகதம் பாட்டில் இரண்டு வரி விட்டு வாசிப்பில் சேர்ந்தாள். மொய்தீன் பாய் ஒரு கணம் விரலை நிறுத்தினார், பிறகு இரண்டு கையாலும் கட்டையை அறைய ஆரம்பித்தார். அருளானந்தத்தின் குரல் தானாக நிமிர்ந்தது. சரணத்தில் அவன் வழக்கமாகத் தடுமாறுகிற இடம் வந்தது. மரகதம் கீழேயிருந்து ஒரு படி வைத்துக் கொடுத்தாள், ஏறிவிட்டான்.

பாட்டு முடிந்தது. கீழிருந்து வைத்திலிங்கம் சார் கைதட்டும் சத்தம் கேட்டது.

"யா அல்லா" என்றார் மொய்தீன் பாய்.

அருளானந்தம் அழுதுகொண்டே என்னிடம் திரும்பினான். "பதினோரு வருஷமாண்ணே! பதினோரு வருஷமா அண்ணிய ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?"

மரகதம் என் முகத்தைப் பார்த்தாள். "இல்லங்க தம்பி, இப்பத்தான். உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தாரு" என்றாள்.

அருளானந்தம் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நம்பவில்லை என்று தெரிந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஒத்திகை. பிளேயர் கோட்டைத் தேய்த்து வார்னிஷ் போட்டேன். மரகதத்தின் கை சிறியது. மேல்பக்கக் கம்பிகளை இன்னும் அரை மில்லிமீட்டர் இறக்கினேன். கழுத்தின் பன்னிரண்டாம் கட்டையில் சுருதி கொஞ்சம் ஏறி நின்றது, பாலத்தில் கம்பியைத் தாங்கும் சேணத்தைப் பின்னால் தள்ளியதும் சரியாகிவிட்டது. ஒற்றைக் கையால் இதெல்லாம் செய்ய அவளே ஸ்க்ரூ பிடித்துக் கொடுத்தாள்.

மேடைக்கு எந்தப் புடவை என்பதில் கருத்து வேறுபாடு. பட்டு, பட்டையில் வழுக்கும் என்று தொழில்நுட்ப ரீதியாகச் சொன்னேன். பருத்திதான் முடிவானது.

மே 3, வெள்ளி

கச்சேரி.

மாலையில் மேடைக்கு ஆம்பைக் கொண்டுபோய் வைத்தேன். மைக் செட் ரெத்தினம் ஒயர்களைச் செருகிக்கொண்டே கேட்டார்: "வேலு, பேஸ் லைன எந்த சேனல்ல போடறது?"

"எப்பவும் போடற சேனல்லதான்."

"எப்பவும் போட மாட்டமே" என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு டேபிளுக்கு அடியில் எதையோ தேடப் போனார்.

ரெத்தினத்துக்கு ஞாபக மறதி உண்டு. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

சாம்பவி மேடம் வந்தார். எளிமையானவர். மரகதத்தைப் பார்த்து, "நீங்கதான் பேஸா? சூப்பர்க்கா" என்றார். மரகதத்துக்குக் கை நடுங்கியது. "நான் வீட்டுக்குப் போறேங்க" என்று என் காதில் சொன்னாள். "போலாம். வாசிச்சிட்டுப் போலாம்" என்றேன்.

அப்போதுதான் வந்தது இரைச்சல். ம்ம்ம் என்று எல்லா ஸ்பீக்கரிலும். சாம்பவி மேடம் மைக்கை வாயருகே கொண்டுபோனவர், "ஆ!" என்று பின்வாங்கினார். உதட்டில் ஷாக். "கரன்ட் அடிக்கிற மைக்ல நான் பாட மாட்டேன்" என்றார். நியாயம்தான். எதிரில் ஊரே உட்கார்ந்திருந்தது. ரெத்தினம் ஒயர் ஒயராகப் பிடுங்கிச் செருகினார். அருளானந்தத்தின் முகத்தில் பெயின்ட் கடை தெரிந்தது.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். ஜெனரேட்டர் ஆப்பரேட்டர் எர்த் கம்பியை மணலில் ஒரு சாண் செருகிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மே மாதத்து மணல், எலும்பாகக் காய்ந்து கிடந்தது. அதில் எர்த் எப்படி இறங்கும்? ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன். மொய்தீன் பாய் சம்மட்டியால் கம்பியை ஆழமாக அடித்து இறக்கினார். இனி தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் லாரி போய்விட்டது. பக்கத்தில் இருந்தது நீர்மோர்ப் பந்தல், ஒரு டிரம் நிறைய.

உப்புப் போட்ட மோர். எர்த்துக்கு அதைவிட நல்லது கிடைக்காது. டிரம்மை உருட்டினேன்.

"யோவ், அம்மன் பேர்ல குடுக்குற மோருய்யா!" என்று கமிட்டிப் பெரியவர் குறுக்கே வந்தார்.

"அம்மன் கச்சேரிதான் நிக்குது!"

அவர் ஒரு வினாடி யோசித்துவிட்டு டிரம்மின் மறுபக்கத்தைப் பிடித்தார். முழுசும் கவிழ்த்தோம். ஜெனரேட்டரைப் போட்டார்கள். மேடையில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். இரைச்சல் இல்லை, ஷாக் இல்லை. கொத்தமல்லி வாசனை மட்டும் வந்தது. முதல் ஆளாக மைக்கில் நான் வாயை வைத்துக் காட்டினேன்.

சாம்பவி மேடம் பாடினார்.

நான் ஆம்புக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். மரகதம் முதல் பாட்டு முழுக்கத் தரையையே பார்த்து வாசித்தாள். இரண்டாவதில் மொய்தீன் பாயைப் பார்த்தாள். நான்காவதில் அவள் ஜனங்களைப் பார்த்துச் சிரித்தபோது, முன்வரிசையில் ரவிக்கை தைக்கக் கொடுத்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்று விசில் அடித்தார்கள்.

பதினோரு வருடமாக, அவள் நிற்கிற அந்த இடத்தில்தான் நான் நின்றிருக்கிறேன். பாட்டு அங்கே இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மே 4, சனி

தூங்கினோம்.

மே 12, ஞாயிறு

காலையில் கட்டுப் பிரித்தார்கள். விரல் மடங்குகிறது. வீட்டுக்கு வந்து கிட்டாரை எடுத்து ஒரு பாட்டு வாசித்தேன். மரகதம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகம், பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவள் மாதிரி இருந்தது. நானே கேட்டுப் பார்த்தேன். அவள் சொன்ன அந்தப் போகக் கூடாத இடங்கள் எல்லாவற்றுக்கும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கம்பியைத் துடைத்தேன்.

மதியம் அருளானந்தம் போன் செய்தான். கரூரில் இன்று ராத்திரியே ஒரு கல்யாணக் கச்சேரி, கடைசி நேரத்தில் வந்ததாம். அண்ணியைக் கேட்டான். கொடுத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாரின் கழுத்தில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அல்லது பார்ப்பது போல இருந்தேன்.

"வர்றேன் தம்பி" என்றாள் மரகதம். "ஆனா அவரு வந்தாத்தான் வருவேன்." அந்தப் பக்கம் அவன் ஏதோ இழுத்தான் போலிருக்கிறது. "இல்லல்ல, வாசிக்க இல்ல தம்பி. பயப்படாதீங்க."

போனை வைத்தாள்.

"வாசிக்க இல்லன்னா நான் எதுக்கு?" என்று கேட்டேன்.

"முப்பது கிலோ இருக்கு அந்த ஆம்ப். யாரு தூக்குறது?" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கிட்டாரின் கழுத்தை எட்டித் தொட்டுக்கொண்டே சொன்னாள். "நீங்க பின்னாடி ஒக்காந்திருந்தா எனக்குக் கை நடுங்க மாட்டேங்குது."

வேன் நாலு மணிக்கு வந்தது. தூக்கினேன்.